பேரேட்டில் ஏறிய கப்பல்

1951-ல் வ.உ.சி. பெயரால் எழுந்த நம் கல்லூரியில் பி.காம். சேர்ந்தபோது, பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியாது. இருப்பாய்வு ஒருநாளும் ஒத்துவராது. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டுத் தப்பித்துக்கொள்வேன்!

பங்கு வெளியீடு பாடத்தன்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிய கணக்கு புத்தகத்தில் இல்லாதது. 1906 அக்டோபர் 16-ல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனி. முதல் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். "எத்தனை பங்கு, சொல்லுடே?" 40,000. அதில் ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டும் 8,000 பங்கு, அதாவது 2 லட்சம். வங்கி பற்று, பங்கு முதல் வரவு. அன்றைக்குத்தான் குறிப்பேட்டுப் பதிவே எனக்குப் பிடிபட்டது.

அடுத்த வகுப்பில் நட்டம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காரன் கொழும்புக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மாவே ஏற்றி, கையில் குடையும் கொடுத்தான். அதைத் தாங்கப் பெரிய கையிருப்பு வேணும். பங்குப் பணத்தில் கப்பல் வாங்கியவர்களிடம் அது ஏது? 1908-ல் வ.உ.சி. சிறை சென்றார், 1911-ல் கம்பெனி கலைந்தது. 'காலியோ' கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலைபோயிற்று.

"கலைப்புக் கணக்குப் போடுங்கடே" என்றார் ஆசிரியர். அன்று எனக்கு ஒத்துவந்தது. ஆனால் சந்தோஷமாக நோட்டை நீட்டத் தோன்றவில்லை.