கோயில் கூரையில் எரிந்த கப்பல் விளக்கு

ஓசூரில் வாழ்பவனுக்குக் கலங்கரை விளக்கத்தோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். எங்களுடையது கடல் காணாத ஊர்தான். ஆயினும் பாறைக் குன்றின் உச்சியில் ஒருவர் கட்டியதைப் பின்வந்தவர் எதற்குப் பயன்படுத்தினார் என்னும் கேள்வி எங்களுக்குப் பழக்கமானது. 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியார் வசமானபோது கிருஷ்ணகிரிக் கோட்டையும் கைமாறிற்று. அதே கேள்வியோடு மாமல்லபுரத்துப் பாறைமீது ஏறிப் பார்க்கலாம்.

அங்கே மகிடாசுரமர்த்தினி குடைவரைக்கு மேலே ஒரு கற்றளி நிற்கிறது. இராசசிம்ம பல்லவன் காலத்ததாக அறிஞர் கருதும் இச்சிவன் கோயிலை ஒலக்கணேசுவரர் கோயில் என்பர். விமானத்தின் மேற்பகுதி அழிந்துவிட்டது. எஞ்சிய தட்டையான கூரையில்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கப்பல்களுக்கான விளக்கை ஏற்றினர். பக்கத்துப் பாறையில் இன்று காணும் வட்டக் கற்கோபுரம் 1904-இல் செயற்படத் தொடங்கியது. விளக்கு அங்கே குடிபெயர்ந்தது. 'பழைய கலங்கரை விளக்கம்' என்ற பெயர் மட்டும் கோயிலோடு ஒட்டிக்கொண்டது.

இதைப் 'பல்லவர் கட்டிய கலங்கரை விளக்கம்' என்றே வழிகாட்டிகள் பலர் அறிமுகப்படுத்துகின்றனர். கட்டடமோ வேறு சொல்கிறது. கருவறை இருக்கிறது, வாயிற்காவலர் இருக்கின்றனர், கயிலையைப் பெயர்க்கும் இராவணனும், தென்முகக் கடவுளும், ஆடும் சிவனும் சுவர்களில் உள்ளனர். 'உழக்கெண்ணெய் ஈசுவரர்' என்பதே ஒலக்கணேசுவரர் எனத் திரிந்தது என்பாரும் உண்டு. அப்படியே கொண்டாலும், உழக்கு எண்ணெய் கருவறை விளக்குக்குப் போதும். நடுக்கடல் மாலுமிக்குப் போதுமா?

தமிழர் கலங்கரை விளக்கத்தின் தொன்மையை நிறுவ இக்கோயிலைத் துணைக்கழைக்க வேண்டிய தேவையுமில்லை. பல்லவருக்கு முற்பட்ட பெரும்பாணாற்றுப்படையில், உருத்திரங்கண்ணனார் நீர்ப்பெயற்று என்னும் துறையைப் பாடுகையில், இரவில் மரக்கலங்களை அழைக்கும் உயர்மாட விளக்கைக் காட்டுகிறார். அத்துறையை மாமல்லபுரத்தோடு இணைப்போர் உளர். அது தனி ஆய்வு.

1904-ஆம் ஆண்டுக் கோபுரத்துக்குள் 2011 முதல் பார்வையாளர்களை அனுமதிக்கின்றனர். மேல்மாடத்தில் எல்லோரும் கடலை நோக்கியே நிற்கின்றனர். சற்றே திரும்பினால், விளக்கைத் தாங்கிய அந்தத் தட்டைக் கூரை கீழே தெரியும். இறங்கியபின் கோயிலையும் ஒருமுறை வலம் வாருங்கள். உப்புக்காற்றில் தேய்ந்திருந்தாலும் இராவணனை இன்னும் அடையாளம் காணலாம்.