மேலை நாகரிகமும் மொழிபெயர்ப்பாளர்களும்

மேலை நாட்டு நாகரிகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர், கிரேக்கரின் அறிவு வேட்கை, உரோமரின் சட்டம், கிறித்தவ சமயத்தின் அறவுணர்வு ஆகிய மூன்றையும் அதன் அடிப்படைகளாகக் கூறுவது வழக்கம். இக்கூற்று தவறன்று. ஆயினும், இம்மூன்றும் தொன்றுதொட்டு இடையறாது ஓடிவந்த பேராறுகள் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் பதிந்துவிடுகின்றது. உண்மை நிலை வேறு. கிரேக்க அறிவியலும் மெய்யியலும் மேலை ஐரோப்பாவில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் பெரும்பாலும் வழக்கொழிந்து கிடந்தன. அவற்றை அங்கே மீண்டும் தழைக்கச் செய்தவர்கள் மன்னரோ படைத்தலைவரோ அல்லர், மொழிபெயர்ப்பாளர்களே ஆவர். அவர்தம் தொண்டினைச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முற்றுப்பெறாத முயற்சி

மேற்கில் உரோமப் பேரரசு வீழ்ந்தபின், கிரேக்கம் கற்றோர் அங்கே நாளடைவில் அருகினர். இனி வரும் தலைமுறை மூலநூல்களைப் படிக்க இயலாது போகும் என்பதை உணர்ந்தவர் போலும் செயற்பட்டார் போயீத்தியஸ் என்னும் உரோமப் பெருமகனார். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய இருவரின் நூல்கள் அனைத்தையும் லத்தீனில் பெயர்த்துவிட வேண்டும் என்பது அவரது திட்டம். அரிஸ்டாட்டிலின் தருக்க நூல்களை மொழிபெயர்த்துவந்த காலத்தில், கோத்திய மன்னன் தியோடரிக்கின் சினத்துக்கு ஆளாகி, அரசத் துரோகி எனப் பழிசுமத்தப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டார், கி.பி. 524-ஆம் ஆண்டை ஒட்டிக் கொல்லப்பட்டார். ஒரு தனிமனிதரின் இறப்பால் ஒரு கண்டத்தின் கல்வியே குறைவுபட்ட கதை இது. அரிஸ்டாட்டிலின் இயற்கை நூலும் உயிர்நூலும் அறநூலும் லத்தீன் உலகுக்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை எட்டாக்கனியாயின.

பாக்தாத் நகரின் பணி

கிரேக்க மூலங்கள் பைசாந்தியப் பேரரசில் காக்கப்பட்டு வந்தன. எனினும், அவற்றைப் பிறிதொரு மொழியிற் பெயர்த்து, உரை கண்டு, திருத்தி, மேலும் வளர்த்த பெருமை அரபு மொழிக்கு உரியது. 762-இல் கலீபா அல்மன்சூர் நிறுவிய பாக்தாத் நகரில் கிரேக்கம், பாரசீகம், வடமொழி ஆகிய மும்மொழி நூல்களும் அரபு வடிவம் பெற்றன. சீனத்தினின்று பரவிய காகிதம் அங்கே மலிவாகக் கிடைத்தமை இப்பணிக்குப் பெருந்துணையாயிற்று.

அம்மொழிபெயர்ப்பாளருள் தலைசிறந்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக். இவர் கிறித்தவர், மருத்துவர். கேலன் என்னும் கிரேக்க மருத்துவரின் நூலொன்றைத் தேடி மெசப்பொட்டேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகிய நாடுகளிலெல்லாம் அலைந்து, இறுதியில் தமஸ்கு நகரில் அதன் பாதியளவே கிடைத்ததாக அவரே எழுதிவைத்துள்ளார். இருபது வயதளவில் பிழை மலிந்த ஒரு படியைக் கொண்டு பெயர்த்த நூலை, நாற்பது வயதளவில் பல படிகளை ஒப்புநோக்கி மீண்டும் திருத்தியமைத்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்து, பாடபேதம் கண்டு பதிப்பித்த நம் பதிப்பாசிரியர்களின் உழைப்பை அறிந்த நமக்கு, இவர் பட்ட பாட்டின் அருமை எளிதில் விளங்கும்.

டொலேடோ நகரில்

1085-இல் ஸ்பெயின் நாட்டு டொலேடோ நகரம் காஸ்டிலிய மன்னர் ஆறாம் அல்போன்சோவின் கைப்பட்டது. ஆட்சி மாறியதே தவிர, அரபு நூல்களும் அவற்றைப் படிக்க வல்லாரும் அந்நகரினின்று நீங்கவில்லை. இசுலாமியர், யூதர், அரபு பேசும் கிறித்தவர் ஆகியோர் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தனர்.

அந்நகரை நாடி இத்தாலியிலிருந்து வந்தவர் கிரமோனா ஊரினரான ஜெரார்டு. தாலமி இயற்றிய வானூலாகிய அல்மஜெஸ்ட் லத்தீனில் கிடைக்காமையால், அதனைப் பெறுவதற்கென்றே அவர் டொலேடோ சென்றார். அங்கே குவிந்து கிடந்த நூற்செல்வத்தையும் தம்மவரின் வறுமையையும் ஒப்பிட்டு வருந்தி, அரபு கற்று, வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதையும் மொழிபெயர்ப்புக்கே ஈந்தார். அல்மஜெஸ்ட், இப்னு சீனாவின் மருத்துவப் பெருநூல் முதலாக எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை அவர் லத்தீனுக்குத் தந்தார். அவற்றுள் எதிலும் அவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. 1187-இல் அவர் மறைந்தபின், ஆசிரியர் பெயர் மறைந்துவிடலாகாதே என்று மாணவர்கள் ஒரு பட்டியலை வரைந்து வைத்தமையாலேயே அவரை நாம் அறிகின்றோம்.

அவருக்கு உறுதுணையாய் இருந்த காலிப் என்பவரைப் பற்றியோ நாம் அறிவது மிகக் குறைவு. அரபு பேசும் கிறித்தவரான இவர், அரபு மூலத்தை ஊரார் பேசும் வழக்குமொழியில் வாய்மொழியாகச் சொல்ல, ஜெரார்டு அதனை லத்தீனில் எழுதினார் என்று அக்காலத்தவர் ஒருவர் குறித்துள்ளார். இருமொழிச் சூழலிற் பிறந்து வளர்ந்த எளிய குடிமக்களின் நாவன்மை, ஐரோப்பியக் கல்வியின் அடித்தளத்துள் கண்ணுக்குத் தெரியாத கல்லாக அமைந்துவிட்டது.

எதிர்ப்பும் ஏற்பும்

புதிய நூல்கள் எளிதில் வரவேற்கப்பட்டன என்று எண்ணுதல் கூடாது. அரிஸ்டாட்டிலின் இயற்கை நூல்களைப் பாரிசில் கற்பிப்போர் திருச்சபையினின்று விலக்கப்படுவர் என 1210-இல் ஆணை பிறந்தது. 1215-இல் தடை மீண்டும் வலியுறுத்தப்பட்டது. உலகம் தொடக்கமற்றது என்னும் அரிஸ்டாட்டிலின் கொள்கையும், கோர்தோபா நகரத்து இப்னு ருஷ்து அதற்கு வகுத்த உரையும், படைப்புக் கொள்கைக்கு மாறானவை என அஞ்சினர். ஆயினும் நாற்பத்தைந்தே ஆண்டுகளில், 1255-இல், அதே பாரிசுப் பல்கலைக்கழகம் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கட்டாயப் பாடமாக்கியது! 1277-இல் பாரிசு ஆயர் 219 கருத்துகளைக் கண்டித்து விலக்கினார்; அவற்றுட் சில தாமஸ் அக்வினாசின் கொள்கைகளைத் தொட்டன. அக்வினாசைத் தொட்ட அளவில் அக்கண்டனம் 1325-இல் நீக்கப்பட்டது.

இப்போராட்டத்தில் வென்றவர் எவர் என்பதைக் காட்டிலும், போராட்டம் நிகழ்ந்த களமே நோக்கத்தக்கது. தடையும் மறுப்பும் விடையும் பல்கலைக்கழகம் என்னும் ஓர் அமைப்பினுள்ளேயே நிகழ்ந்தன. எதிர்வாதத்தை முதலில் எடுத்துரைத்துப் பின் அதற்கு விடை கூறும் முறை, அங்கே நாள்தோறும் பயிலும் பயிற்சியாயிற்று. நம் உரையாசிரியர்கள் தடைவிடைகளால் பொருள் நிறுவும் முறைக்கு இஃது ஒப்பானது. கருத்து வேற்றுமைக்கு ஓர் இருப்பிடம் அமைந்தமை மேலை நாகரிகம் பெற்ற பெரும்பேறு எனலாம்.

வணிகத்திலும் இதே நிலைதான். இந்திய எண்குறிகள் ஒன்பதையும் சுழியையும் பீசா நகரத்து லியோனார்டோ 1202-இல் தம் கணித நூலால் பரப்பினார். 1299-இல் புளோரன்சு நகரத்து நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் அவ்வெண்களை எழுதலாகாது என விதித்தது. இன்று உலகமே அவ்வெண்களால் கணக்கிடுகின்றது.

கடனும் பெருமையும்

ஜெரார்டு பெயர்த்த அல்மஜெஸ்ட் 1515-இல் வெனிஸ் நகரில் அச்சேறியது. அதற்கு 28 ஆண்டுகளுக்குப் பின், 1543-இல், கோப்பர்னிக்கசின் நூல் வெளிவந்தது. பூமியே நடுவில் நிலைத்து நிற்பது என்ற தாலமியின் கொள்கையைத் தகர்த்த அந்நூல், தன் அமைப்பில் பெரிதும் தாலமியின் நூலையே பின்பற்றிச் செல்வது குறிப்பிடத்தக்கது. கற்றவனே மறுக்க வல்லான். பிறரிடம் பெற்றதை நன்கு உணர்ந்தவனே அதனைக் கடந்து செல்ல வல்லான்.

பிற்காலத்து ஐரோப்பியர் பலர், கிரேக்கத்தினின்று தாம் நேரே தோன்றியதாகக் கருதி, இடைநின்ற பாக்தாதையும் டொலேடோவையும் மறந்தனர். கடன்பட்டதனால் ஒரு நாகரிகத்துக்கு இழுக்கில்லை. கடனை மறப்பதே இழுக்கு.

தொல்காப்பிய மரபியல் வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாக வைத்தெண்ணுகிறது. அதனை நூலாக்கமாகவே மதித்த மரபு நம்முடையது. பிறமொழி வழங்கும் நகரங்களில் வாழும் தமிழராகிய நாம், காலிப் நின்ற இடத்தில் இன்று நிற்கின்றோம். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் பேசும் நம் பிள்ளைகளின் நிலையை ஒரு குறையாக எண்ணி வருந்துவோர் உளர். டொலேடோவின் வரலாறு அவ்வருத்தத்தைப் போக்கும். இரு மொழிகளுக்கு நடுவே வாழ்பவன் வாயிலில் நிற்பவன். அவன் கதவைத் திறந்தால் இரு இல்லத்தாரும் ஒளி பெறுவர்.