அகத்தியமலை நடைப்பயணம்

அகத்தியமலை நடைப்பயணம் என்பது தமிழ்நாடு-கேரள எல்லையில் 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைக்கு (அகத்தியர்கூடம்) வழிகாட்டிகளுடன் மேற்கொள்ளப்படும் மூன்று நாள் மலையேற்றம் ஆகும். மழை குறைந்த சனவரி-மார்ச் காலத்தில் கேரள வனத்துறை இதற்கு அனுமதி வழங்குகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் போணக்காட்டிலிருந்து காட்டுவழியே நடப்போர் முதலிரவு அதிருமலை முகாமில் தங்குவர். மறுநாள் அகத்தியர் சிலை அமைந்த உச்சிக்குச் சென்று முகாமுக்கே திரும்புவர். மூன்றாம் நாள் கீழிறங்குவர்.

வழிகாட்டிகள் பெரும்பாலும் இம்மலையின் காணிப் பழங்குடியினர். 1987 இல் இப்பகுதிக்கு வந்த ஆய்வாளர்கள் களைத்தபோது, உடன்வந்த காணிகள் ஒரு செடியின் பழத்தைத் தின்று சோர்வின்றி நடந்தனர். ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவாக்கப்பட்டது. இதனை ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு என்பது முழுதும் பொருந்தாது. காணிகள் அதன் பயனை முன்பே அறிந்திருந்தனர். உரிமத் தொகையில் பாதி காணிகளின் அறக்கட்டளைக்கு ஒதுக்கப்பட்டது.

நெடுங்காலம் பெண்கள் உச்சிக்கு அனுமதிக்கப்படவில்லை. அகத்தியரை வழிபடும் காணிகள் எதிர்த்தபோதிலும், 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இத்தடையை ஏற்க மறுத்தது. 2019 சனவரியில், அத்தீர்ப்பிற்குப் பின் உச்சியை அடைந்த முதல் பெண் தன்யா சனல் ஆவார். காணிப் பெண்கள் அப்போது போணக்காட்டில் அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தனர், பயணிகளைத் தடுக்கவில்லை.