‘எக்ஸ்டேர்னலோ?’: வெளிவாரிப் பட்டத்தின் பழைய கதை

போன ஆவணியில ஒரு கலியாண வீடு. பந்தி முடிஞ்சு வெளியில வந்து நிக்கேக்க தெரிஞ்ச மாமி ஒருத்தர் என்னைப் பார்த்து, "பிள்ளை, நீர் கம்பஸ் தானே?" எண்டு கேட்டா. ஓம் எண்டன். பக்கத்தில நிண்ட பெரியம்மாவின்ர மகளைக் காட்டி, "இவ?" எண்டா. அக்காவே பதில் சொன்னா: "நான் எக்ஸ்டேர்னல் செய்யிறன் மாமி." மாமி "ஓ…" எண்டு இழுத்துப்போட்டு சாப்பாடு நல்லா இருந்தது எண்டு கதையை மாத்திட்டா.

அந்த ‘ஓ’ எனக்கும் புதுசில்லை. உண்மையைச் சொன்னால் முதலாம் வருடத்தில் நானும் மனதுக்குள்ள அப்படித்தான் நினைச்சிருக்கிறன். உள்வாரி எண்டால் கெட்டிக்காரர், வெளிவாரி எண்டால் வெட்டுப்புள்ளியில தவறினவை. அக்கா ஏ.எல்.இல் மூன்று பாடமும் சித்தி. இசட் புள்ளி கொஞ்சம் காணாமல் போச்சு. ஏழு வருசமாக ஒரு முன்பள்ளியில படிப்பிக்கிறா, சனி ஞாயிறு வகுப்புக்குப் போறா, பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வகுப்புக் காசு எல்லாம் அந்தச் சின்னச் சம்பளத்திலதான்.

இந்த நினைப்பை மாத்தினது ஒரு ஒப்படை. இலங்கையின் உயர்கல்வி வரலாறு பற்றி எழுதவேண்டி இருந்தது. தேடத் தொடங்கினதும் முதலில் கண்ணில் பட்ட விசயம்: 1942 வரைக்கும் இந்தத் தீவில் பட்டம் வழங்குகிற பல்கலைக்கழகம் ஒன்றுகூட இருக்கவில்லை. 1921 தை மாதத்தில் கொழும்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தவர்கள்கூட கடைசியில் எழுதியது லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையைத்தான். இன்றைக்கு நாங்கள் பெருமையாகப் படம் மாட்டி வைத்திருக்கிற பெரியவர்களில் கனபேர், மாமியின் கணக்கில், ‘எக்ஸ்டேர்னல்’.

லண்டன் பல்கலைக்கழகமே ஒரு விசித்திரமான பல்கலைக்கழகமாகத்தான் பிறந்தது. 1836இல் அதற்குச் சாசனம் கிடைத்தபோது அது படிப்பிக்கிற இடமில்லை, பரீட்சை வைக்கிற இடம். அந்தக் காலத்து ஒக்ஸ்போர்ட்டிலும் கேம்பிரிட்ஜிலும் அங்கே போய்த் தங்கிப் படிக்கவேண்டும். அதற்குச் செல்வு அதிகம். இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராதவர்களுக்கு அங்கே இருந்த மதத் தடைகள் பெருமளவில் நீங்கியது 1871இல்தான். லண்டனில் அந்தத் தடை இல்லை. ஆனாலும் தொடக்கத்தில் அங்கீகரித்த ஏதோவொரு கல்லூரியில் படித்ததற்கான சான்றிதழ் கேட்டார்கள். 1858இல் வந்த புதிய சாசனம் மருத்துவம் தவிர்ந்த படிப்புகளுக்கு அதையும் எடுத்துவிட்டது. நீ எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்ற கேள்வி இல்லை. கட்டணத்தைக் கட்டு, பரீட்சையை எழுது, சித்தியடைந்தால் பட்டம். 1865இல் மொரிசியசில் பரீட்சை வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு குடியேற்ற நாடாகப் பரவியது. 1878இல் பெண்களுக்கும் தன் பட்டங்களைத் திறந்துவிட்டது. பிரித்தானியாவில் அதைச் செய்த முதல் பல்கலைக்கழகம் அதுதான்.

இதில் எனக்குப் பிடித்த ஆள் எச். ஜி. வெல்ஸ். அறிவியல் புனைகதை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். லண்டனில் உதவிப்பணத்தில் படிக்கப் போய், பட்டம் இல்லாமல் வெளியேறி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டே 1890இல் லண்டன் வெளிவாரி பி.எஸ்சி. எடுத்தவர். தபால்வழிக் கல்லூரிகள் என்று ஒரு தொழிலே இந்தப் பரீட்சையை நம்பித்தான் வளர்ந்தது. எங்கட ரியூசன் கலாசாரத்துக்கு வெள்ளைக்காரப் பாட்டன் ஒருத்தர் இருக்கிறார் எண்டு அப்பதான் விளங்கிச்சு.

நெல்சன் மண்டேலாகூட ரொபன் தீவுச் சிறையில் இருந்தபடி லண்டன் சட்டப் படிப்புக்குப் பதிந்து படித்தவர். கடைசியில் சட்டப் பட்டத்தை 1989இல் தென்னாபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் ஊடாக முடித்தார், அதுவும் தொலைக்கல்விதான்.

எங்கட பக்கத்துக்கு வருவம். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறியில் வானியலும் கணிதமும் தமிழும் படிப்பித்தார்கள், ஆனால் பட்டம் கொடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. 1855இல் அது மூடப்பட்டது. இரண்டு வருடம் கழித்து, லண்டனைப் பார்த்து அதேபோலப் பரீட்சை நடத்துகிற அமைப்பாகச் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அதன் முதல் பட்டதாரிகள் இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இரண்டு பேருமே செமினறியில் படித்தவர்கள். மூடின ஒரு பள்ளிக்கூடத்தின் படிப்பை, கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பரீட்சை பட்டமாக மாற்றிக் கொடுத்தது.

பிறகு லண்டன் பரீட்சை. 1918இல், கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்க மூன்று வருடத்துக்கு முதலே, எஸ். ஜே. வி. செல்வநாயகம் வெளிவாரியாக பி.எஸ்சி. எடுத்தார். பிறகு ஆசிரியராக வேலை செய்துகொண்டே சட்டம் படித்தார். ‘தந்தை’ என்று கூப்பிடுகிறவர்கள் அவரது பட்டத்தை ஒருநாளும் ‘ஓ’ போட்டு இழுத்ததில்லை.

ஆனால் என்னைப் பிடித்து வைத்தது காரைதீவு மயில்வாகனத்தின் கதை. 1892இல் பிறந்தவர். மட்டக்களப்பில் படித்து, ஆசிரியராகி, கொழும்பில் ஆசிரியர் பயிற்சி பெற்று, தொழினுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா எடுத்தார். அதே காலத்தில், 1916இல், மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் சித்தியடைந்தார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய அந்தச் சங்கமும் கிட்டத்தட்ட லண்டன் செய்ததைத்தான் தமிழுக்குச் செய்தது: எந்தத் திண்ணையில், எந்த ஆசிரியரிடம் படித்திருந்தாலும் சரி, வந்து எழுது. பிறகு யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தபடி 1920இல் லண்டன் பி.எஸ்சி. எடுத்தார்.

துறவியான பிறகு அவர் பெயர் சுவாமி விபுலாநந்தர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். 1943இல் புதிதாகத் தொடங்கியிருந்த இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரும் அவர்தான். யோசிச்சுப் பாருங்கோ: விஞ்ஞானத்தில் வெளிவாரிப் பட்டம், தமிழில் ஒரு சங்கத்தின் பரீட்சைச் சான்றிதழ். இன்றைக்கு இந்தத் தகைமைகளோடு ஒருவர் எங்கள் பீடத்தில் உதவி விரிவுரையாளருக்கு விண்ணப்பித்தால் நேர்முகத்துக்குக்கூட கூப்பிடமாட்டினம். யாழ் நூல் எழுதினவருக்கு இசையிலும் பட்டம் இல்லை எண்டதை நான் பிறகுதான் யோசிச்சன்.

இதை முழுக்கப் பொற்காலமாகக் காட்டவும் எனக்கு விருப்பமில்லை. பரீட்சை எல்லாருக்கும் திறந்திருந்தது உண்மை. ஆனால் அது ஆங்கிலத்தில் இருந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைதான் அந்தக் கதவு வரைக்கும் போய்ச் சேர முடியும். தோட்டத்திலோ, சாதியின் பெயரால் பள்ளிக்கூட வாங்கில் இருக்கவிடாமல் தடுக்கப்பட்டோ இருந்த ஒரு பிள்ளைக்கு 1858ஆம் ஆண்டுச் சாசனத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. பாடத்திட்டமும் லண்டனில் எழுதப்பட்டது. இந்தக் குறையைப் பேசித்தான் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் 1906இல் இலங்கைக்குச் சொந்தப் பல்கலைக்கழகம் கேட்டு இயக்கம் நடத்தினார்கள். இந்த மண்ணின் மொழிகளையும் கலைகளையும் தெரியாத பட்டதாரிகளை உருவாக்குகிற படிப்பு என்பது அவர்களுடைய முறைப்பாடு. அது நியாயமான முறைப்பாடு.

அவர்கள் கேட்டது கிடைக்க 1942 ஆனது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. இங்கேதான் கதை தலைகீழாகுது. லண்டன் பரீட்சையின் கவர்ச்சியே மலிவுதான். கப்பல் ஏறி இங்கிலாந்து போக வசதியில்லாதவர்களின் வழி அது. இலவசக் கல்விக்குப் பிறகு உள்வாரிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இடங்கள் குறைவு. 1970களில் தரப்படுத்தல் வந்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இன்னும் ஒடுங்கினது உங்களுக்குத் தெரிந்த கதை. உள்ளே போனவர்களுக்கு விரிவுரை, விடுதி, நூலகம், 1981இலிருந்து மகாபொலவும். வெளியே நின்றவர்கள் வெளிவாரியாகப் பதிந்து, தங்கட காசில படிக்கவேண்டியதாயிற்று. மலிவான வழி என்று தொடங்கினது, இலவசம் கிடைக்காதவர்கள் காசு கட்டுகிற வழியாக மாறிவிட்டது. நான் மகாபொல எடுக்கிறன். அக்கா கட்டணம் கட்டுறா. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில இருக்கிற வித்தியாசம் ஒரு சில தசமம்.

இதற்கு ஒரு மாற்றாகத்தான் 1980இல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் வந்தது. பிரித்தானியாவில் 1971இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் அதற்கு முன்மாதிரி. லண்டன் முறையில் பல்கலைக்கழகம் பரீட்சையை மட்டும் வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். இங்கே பாடநூல் எழுதி அனுப்பி, பிராந்திய நிலையங்கள் வைத்து, படிப்பிக்கிற பொறுப்பையும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே மூச்சில் எழுதாமல் பாடம் பாடமாகத் திறமைப்புள்ளி சேர்க்கலாம். வேலைக்குப் போகிறவருக்கு, பிள்ளை பெற்று ஒரு வருசம் நிறுத்தி வைக்கிறவருக்கு அது பெரிய விசயம். ஆனால் அதுவும் இலவசமில்லை.

அமெரிக்கர்கள் இன்னொரு படி போனார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிய, திரும்பி வந்த படையினர் இராணுவத்தில் கற்ற தொழில்களுக்கு எத்தனை திறமைப்புள்ளி கொடுக்கலாம் என்று மதிப்பிட 1945இல் ஓர் அமைப்பு வைத்தார்கள். 1967இல் கிளெப் என்ற பரீட்சை வந்தது: ஒரு பாடம் ஏற்கெனவே தெரிந்தால் வகுப்பில் குந்தாமல் பரீட்சை எழுதி அந்தப் புள்ளியை எடுத்துக்கொள்ளலாம். 1971இல் நியூயோர்க் மாநிலம் இப்படிப் பல இடங்களில் சேர்த்த புள்ளிகளைக் கூட்டிப் பட்டம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே கல்லூரிக் கட்டணம் ஆளைக் கொல்லும் என்பதால் இன்றைக்கும் கனபேர் இந்த வழியில் செலவைக் குறைக்கிறார்கள். இங்கேயும் மேசன், மின்னிணைப்பாளர் போன்ற தொழில்களில் முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கிற முறை இருக்கு. அக்கா ஏழு வருசம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததுக்கு அவவின்ர பட்டத்தில ஒரு புள்ளியும் இல்லை.

விபுலாநந்தரின் கதையை அக்காவுக்குச் சொன்னன். அவ பெரிசா உணர்ச்சிவசப்படேல்ல. "அவருக்குப் புத்தகம் எங்க கிடைச்சது?" எண்டு கேட்டா. எனக்குப் பதில் தெரியேல்ல. அவவின்ர பிரச்சினை அதுதான். உள்வாரி மாணவருக்குத்தான் எங்கட நூலக அட்டை. வகுப்பில குடுக்கிற போட்டோக்கொப்பி நோட்ஸை வைச்சுத்தான் அவ முழுப் பாடமும் எழுதுறா.

இப்ப என்ர அட்டையில அவவுக்கு இரண்டு புத்தகம் எடுத்துக் குடுத்திருக்கிறன். திருப்பிக் குடுக்கவேண்டிய திகதி போய் நாலு நாளாச்சு. அவவுக்கு வாற மாசம் பரீட்சை. தண்டப்பணத்தை நானே கட்டுவன்.