மடவளை வளவுகளின் ஊர்க்கோழி

கண்டிக்கு அருகிலுள்ள மடவளை வளவுகளில் மேயும் ஊர்க்கோழிக்கு இனப்பெயர் கிடையாது. ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி, இன்னொன்றுக்குக் கழுத்தில் இறகே இராது. எல்லாம் கலப்பு, இதில் காக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கலப்புத்தான் இந்தக் கோழியைத் தாக்குப்பிடிக்க வைத்தது என்பேன். காட்டில் கூவும் நமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியின் வழியில் வந்தது இது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வீட்டுக்கோழியின் மூதாதை செங்காட்டுக்கோழி. அது இலங்கைக் காடுகளில் இல்லை. ஆகவே மனிதர் கையோடு கடல் கடந்து வந்ததே நமது கோழி. மலைநாட்டில் கோழி வளர்த்ததற்குப் பழைய சாட்சியும் உண்டு. 1660இல் பிடிபட்டு 1679இல் தப்பும்வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தொப்பி பின்னியும் பன்றி, கோழி வளர்த்தும் பிழைத்தவர்.

கோழி வந்த நாள் முதல் எது தங்க வேண்டும், எது சாக வேண்டும் என்பதைக் கீரியும் பருந்தும் அடைமழையும் நோயுமே பெரும்பாலும் தீர்மானித்தன. மிஞ்சியதுதான் அடுத்த அடைக்கு முட்டை தந்தது. பழைய கூடையில் வைக்கோல் மேல் 21 நாள் கிடந்து, பொரித்த பின்னும் வாரக்கணக்கில் குஞ்சுகளைக் கூட்டித் திரிந்து, நிழல் விழுந்தால் சிறகுக்குள் அழைக்கும் தாய்க்கோழிதான் இங்கே இன்குபேட்டர். வெள்ளை லெகோர்ன் போன்ற முட்டைக்கோழிகளிடம் அந்தக் குணத்தைத் தெரிவு செய்தே அகற்றிவிட்டார்கள், அடைகிடக்கும் கோழி முட்டையிடாது என்பதால். பண்ணைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை இடும்போது இதை வைத்து என்ன செய்ய என்று கேட்டால், அந்த 300இன் பின்னால் விலைக்கு வாங்கிய தீனியும் விலைக்கு வாங்கிய குஞ்சும் இருக்கின்றன. ஊர்க்கோழி கறையானும் சோற்று மிச்சமும் தின்று, தன் குஞ்சைத் தானே தரும். ஆனாலும் இராணிக்கெட் நோய் இதையும் கூட்டமாகக் கொல்லும். தடுப்பூசி கட்டாயம் வேண்டும்.

இப்போது ஆபத்து இன்னொரு பக்கத்தால் வருகிறது. அரிய கோழி என்று ஆசைப்பட்டுக் கழுத்திறகில்லாததை மட்டும் பிரித்து அடைத்து வளர்க்கிறார்கள். கழுத்திறகை இல்லாமலாக்கும் மரபணு ஒரு பிரதி இருந்தால் முன்கழுத்தில் சிறு இறகுக் குஞ்சம் நிற்கும். இரண்டு இருந்தால் அதுவும் போய்விடும். இறகு குறைவதால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது, வெயிலுக்கு நல்லதுதான். ஆனால் பத்துப் பேடுகளுக்கு ஒரே சாவல் என்று மூடிய கூட்டத்தில், இனவிருத்திக் கணக்குப்படி, ஒவ்வொரு தலைமுறைக்கும் உள்ளினச்சேர்க்கை ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது. சில தலைமுறையில் கருக்கூடாத முட்டையும் நோஞ்சான் குஞ்சுமே மிஞ்சும். பழைய வளவுகளுக்கு வேலி இறுக்கமில்லை. அடுத்த வீட்டுச் சாவல் வந்து போனது, அடை முட்டை கைமாறியது. அதனால் இந்தக் கேடு அவற்றை அவ்வளவாக அண்டவில்லை. ஆகவே ஊர்க்கோழி வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான்: இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தூரத்து ஊரிலிருந்து சாவலை மாற்றுங்கள், ஒரு நிறத்துக்காக மற்றவற்றை அறுக்காதீர்கள், அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி அடை தெளியவைக்காதீர்கள்.