புகழ் மண்டபத்தில் யாருக்கு இடம்? நாஸ்கார் விதிகளும் எங்கள் சவாரித் திடலும்

1963 டிசம்பர் 1. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஜக்சன்வில் ஓடுபாதையில் வென்டெல் ஸ்கொட் முதலாவதாக வந்தார். ஆனால் வெற்றியாளர் என்று அறிவிக்கப்பட்டவர் பக் பேக்கர். ஸ்கொட் கறுப்பினத்தவர். பார்வையாளர்கள் கலைந்து போன பிறகுதான், சுற்றுகளை எண்ணியதில் பிழை என்று சொல்லி, வெற்றி அவருடையது என ஒப்புக்கொண்டார்கள். 1990இல் அவர் இறக்கும்வரை உரிய கிண்ணம் அவர் கைக்கு வரவில்லை. குடும்பத்தாருக்கு அது கிடைத்தது 2021இல்.

அந்த ஸ்கொட் 2015இல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். நாஸ்காரின் முதன்மைத் தொடரில் அவர் ஓடிய பந்தயங்கள் 495, வெற்றி ஒன்றே ஒன்று. அதே மண்டபத்தின் முதல் ஐவரில் ஒருவரான ரிச்சர்ட் பெற்றிக்கு 200 வெற்றிகள், 7 சம்பியன் பட்டங்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது சரியா? சரி என்பதே என் கருத்து.

விதிகள் என்ன?

நாஸ்கார் என்பது 1948இல் தொடங்கிய அமெரிக்க கார்ப் பந்தய அமைப்பு. கடையில் விற்கும் சாதாரணக் கார்களை ஓட்டிப் பார்ப்பதில் ஆரம்பித்த பந்தயம் அது. அதன் புகழ் மண்டபம் வட கரோலினாவின் சார்லட் நகரில் 2010 மே மாதம் திறக்கப்பட்டது. முதலில் ஆண்டுக்கு ஐவரைச் சேர்த்தார்கள். 2021 முதல் மூவர்தான்: அண்மைக் காலத்தவர் இருவர், முன்னோடி ஒருவர்.

ஓட்டுநர் என்றால் பொதுவாகக் குறைந்தது பத்து ஆண்டுகள் ஓடியிருக்க வேண்டும், ஓய்வுபெற்று இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்க வேண்டும். ஒரு குழு பெயர்களை முன்மொழியும், இன்னொரு குழு வாக்களிக்கும். இரசிகர்கள் அனைவரின் வாக்கும் சேர்ந்து ஒரேயொரு வாக்காகக் கணக்கிடப்படும்.

மண்டபம் ஓட்டுநர்களுக்கு மட்டுமானதல்ல. பெற்றியின் அணியை வழிநடத்திய டேல் இன்மன் 2012இல் சேர்க்கப்பட்டார். வெற்றிக்குப் பின்னால் கையில் எண்ணெய்க் கறையோடு நிற்பவரையும் இந்த மண்டபம் கணக்கில் எடுக்கிறது.

தமிழர் ஒருவருக்கு வாய்ப்புண்டா?

கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005இல் போர்முலா 1இல் ஓடிய முதல் இந்தியர். 2010இல் நாஸ்காரின் டிரக் தொடரிலும் ஓடினார். மார்ட்டின்ஸ்வில் ஓடுபாதையில் முதல் பந்தயத்திலேயே 13ஆவது இடம். அந்த ஆண்டின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை இரசிகர்களின் வாக்கில் வென்றார்.

ஆனாலும் நாஸ்கார் மண்டபத்தில் அவருக்கு இடம் கேட்க முடியாது. அங்கே அவர் ஓடியது ஒரு பருவம். இரசிகர்களின் அன்பு விருதுக்குப் போதும், வரலாற்றுக்குப் போதாது. இந்திய மோட்டார் பந்தயத்துக்கென ஒரு மண்டபம் எழுந்தால் முதல் வரிசையில் அவர் பெயர் இருக்க வேண்டும். எந்த விளையாட்டில், எந்த மண்ணில் வழி திறந்தார் என்பதைப் பார்த்துத்தான் ஒருவருக்கு இடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் திடலில்

தீவகத்தில் கார்ப் பந்தயம் இல்லை. எங்களிடம் இருப்பது மாட்டுவண்டில் சவாரி. வேலணையிலும் புங்குடுதீவிலும் சவாரி என்றால் திடலின் இரு பக்கமும் சனம் கூடிவிடும். வென்ற சோடியின் பெயர் அன்று மாலை எல்லா வாயிலும் இருக்கும். பத்து வருடம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்?

1990களின் தொடக்கத்தில் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தார்கள். வீட்டோடு மாடுகளையும் விட்டுப் போனவர்கள் பலர். ஒரு தலைமுறையின் சவாரி நினைவு இன்று வவுனியாவிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சிதறிக் கிடக்கிறது.

ஆகவே எங்களுக்கும் ஒரு பதிவு வேண்டும். கட்டடம் தேவையில்லை, ஒரு கொப்பி போதும். அதில் யார் யாரை எழுதலாம் என்று கேட்டால் நான் நாலு பேரைச் சொல்வேன்.

முதலாவது, பல ஆண்டுகள் தொடர்ந்து ஓட்டியவர். ஒரு நாள் வெற்றி மட்டும் போதாது. இரண்டாவது, நாம்பனைக் கன்றிலிருந்து வளர்த்துப் பழக்கியவர். மூன்றாவது, வண்டில் செய்த தச்சர். நாலாவது, வசதியோ சாதியோ குறுக்கே நின்றும் திடலுக்கு வந்தவர். இவர்தான் எங்கள் ஸ்கொட்.

மாட்டை வதைத்து வென்றவருக்கு அந்தக் கொப்பியில் இடமில்லை. எத்தனை கிண்ணம் வைத்திருந்தாலும் சரி. வாயில்லாச் சீவனின் முதுகில் இரத்தம் வரவைத்து வாங்கிய வெற்றியைப் பெருமையாகப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல முடியாது.

ஸ்கொட்டின் கதையில் என்னை உறுத்துவது அந்தக் காலதாமதம். வெற்றி பெற்று 52 ஆண்டுகளும், இறந்து 25 ஆண்டுகளும் கழித்து மண்டபம். அதற்கும் பிறகு கிண்ணம். ஆனால் அவர் ஓடிய ஒவ்வொரு பந்தயமும் எங்கோ எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதனால்தான் பிந்தியாவது நீதி கேட்க முடிந்தது. எங்கள் சவாரிக்காரரில் மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இந்த வருடமே தொடங்க வேண்டும்.