அதிகார உயர்வுக் குறை (குபர்னெட்டிஸ்)

பல வாடிக்கையாளரின் நிரல்களைக் கன்டெய்னர்களாகப் பிரித்து ஒரே சர்வர்த் தொகுதியில் இயக்கும் குபர்னெட்டிஸ் என்னும் நிர்வாக மென்பொருளில், சொற்ப அனுமதியே பெற்ற ஒருவர் தமக்கு உரித்தல்லாத மேலதிகாரத்தை அடைய இடமளிக்கும் பிழை. பெரியகுளத்து வராக நதிப் பாசனத்தில் தம் வயலின் மடையை மட்டும் திறக்க உரிமையுள்ளவர் கைக்குச் சோத்துப்பாறை அணையின் மதகே வந்து சேர்வதை இது ஒக்கும்.

இதன் பிரசித்தமான உதாரணம், ராஞ்சர் லேப்ஸ் நிறுவனத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான டாரன் ஷெப்பர்ட் கண்டறிந்ததும், 2018 டிசம்பர் 3ஆம் நாள் பகிரங்கமானதுமான, சிவிஇ-2018-1002105 என்னும் அடையாள எண் கொண்ட குறையாகும். இதன் கடுமை 10க்கு 9.8 என மதிப்பிடப்பட்டது. பயனர் தம் வேண்டுகோளை நீடித்த இணைப்பாக மாற்றக் கேட்கையில், தொகுதிக்கு வரும் வேண்டுகோள்களைப் பெறும் ஏபிஐ சர்வர், அதனைப் பின்னுள்ள சர்வர்களில் கன்டெய்னர்களை இயக்கும் கியூப்லெட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து பிழையே மறுமொழியாக வந்தபோதும் இணைப்பைத் துண்டியாது விட்டமையால், அவ்வழியே தொடர்ந்து சென்ற கட்டளைகள் யாவும் ஏபிஐ சர்வரின் சொந்தச் சான்றுடனேயே நிறைவேறின. அக்கட்டளைகள் ஏபிஐ சர்வரின் தணிக்கைப் பதிவில் இடம்பெறாமையால், அத்துமீறலைப் பின்னர்க் கண்டறிவதும் துர்லபமாயிற்று. 1.10.11, 1.11.5, 1.12.3 ஆகிய பதிப்புகளில் இது திருத்தப்பட்டது.

பரிகாரங்களாவன: பணிக்கு அவசியமான அனுமதியை மட்டும் வழங்குதல், அநாமதேயப் பிரவேசத்தைத் தடுத்தல், புதிய பதிப்புகளைத் தாமதமின்றி நிறுவுதல், பரஸ்பர நம்பிக்கையில்லாதோரைத் தனித்தனித் தொகுதிகளில் வைத்தல். இவற்றையும் மீறி அத்துமீறல் நேரின், இந்தியாவில், வரையறுக்கப்பட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் சேர்ட்-இன் என்னும் அரசு அமைப்புக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் பிறப்பிக்கப்பட்ட ஆணையாகும்.